காத்துக்குக் கணக்குக் கேளு, மாப்ள

வா மாப்ள, உக்காரு. டர்போ போயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறயாமா? உங்கம்மா போன் பண்ணி ஒரு பாட்டம் பொலம்பி முடிச்சுட்டா. அம்பதாயிரம் ஆவும்னு ஒர்க்சாப்புல எவனோ சொன்னானாம், நீயும் மண்டையை மண்டையை ஆட்டிட்டு வந்துட்டயாம். நல்லது. காசு இருக்கறவன் மாத்தறான், எனக்கென்ன வந்துச்சு? கழட்டிப் போடற பழைய டர்போவை மட்டும் மறக்காம வாங்கிட்டு வந்துரு. நம்ம ஆட்டுப்பட்டிக் கதவு காத்துல அடிச்சுக்குது. முட்டுக் குடுக்கக் கனமா, நல்லா ஓடற நெலமையில இருக்கற சாமானா ஒண்ணு தேடிட்டிருக்கேன்.

ஏன் மொறைக்கற? நல்லா ஓடற நெலமையிலன்னு சொன்னதுக்கா? சரி, ஒண்ணு கேக்கறேன். அவன் டர்போ வாயில இருக்கற ஹோஸைக் கழட்டிப் பாத்தானா? இல்ல. டர்போவுக்குள்ள இருக்கற வீலைப் புடிச்சு ஆட்டிப் பாத்தானா? இல்ல. ஸ்கேனரைச் சொருகினான், பி-0299ன்னு வந்துச்சு, டர்போன்னு சொல்லிப்போட்டான். அந்த நம்பருக்கு டர்போ செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல மாப்ள. நான் கேட்ட அளவுக்குக் காத்து வந்து சேரலைன்னு கம்ப்யூட்டர் குடுத்த பிராது, அவ்வளவுதான். குடுக்கறவன் குடுக்கலையா, குடுத்தது நடுவழியில களவு போச்சாங்கறது அந்த நம்பருக்குத் தெரியாது. கண்டுபுடிக்க வேண்டியது நீ. நீ கண்டுபுடிச்சதோ, நேரா காசு எண்ணற எடம்.

நான் பாதி ஆயுசை ரிக் வண்டியில கழிச்சவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் கெடையாது, அந்தந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சு அந்தந்த ஊர்ப் பாறையைத் தொளைச்சிருக்கோம். அதுல இருக்கற கம்ப்ரசர் நிமிசத்துக்கு 1,100 கன அடிக் காத்தை 300 பவுண்டு அழுத்தத்துல தள்ளும். முன்னூறு அடி ஆழத்துல ஹேமர் அடிக்க மாட்டேங்குதுன்னா எங்க முதலாளி எந்தக் காலத்துலயும் கம்ப்ரசரை மாத்துன்னு சொன்னதில்ல. ஹோஸைப் பாரு, யூனியனைப் பாரு, வாசரைப் பாருன்னுதான் கத்துவாரு. கம்ப்ரசரோட வெலை அவருக்குத் தெரியும், அதனாலதான். டர்போவோட வெலை உனக்குத் தெரியும், ஆனா உங்கப்பன் காசு, அதனாலதான்.

டர்போவும் கம்ப்ரசர்தான். சைலன்சருக்குப் போற பொகை ஒருபக்கம் காத்தாடியைச் சுத்துது, அதே தண்டுல மறுபக்கம் இருக்கற காத்தாடி வெளிக்காத்தை இழுத்து அமுக்குது. சின்னக் கார்கள்ல அந்தத் தண்டு நிமிசத்துக்கு ரெண்டு லட்சம் சுத்துக்கு மேலயும் போகும். அமுக்கின காத்து சூடாயிரும்ங்கறதால, ஒரு பைப் வழியா கீழ எறங்கி, முன் பம்பருக்குப் பின்னால இருக்கற இன்டர்கூலருக்குப் போவுது. அங்க ஆறி, இன்னொரு பைப் வழியா மேல ஏறி, எஞ்சின் மேனிஃபோல்டுக்குள்ள போவுது. இந்த வழி நெடுக ரப்பர் ஹோஸ், கிளிப், ஓ-ரிங், பிளாஸ்டிக் மூலைன்னு எத்தனை மூட்டு! ரெண்டு லட்சம் சுத்து சுத்தற சாமான் கெடலை, எட்டு வருசமா ஆயில்லயும் சூட்லயும் வெந்த ரப்பர் கெடும். இதுல யார் மேல சந்தேகப்படணும்னு உங்கம்மா வளக்கற கெடாக்குட்டியைக் கேட்டாலும் சரியாச் சொல்லும்.

டர்போ மேல பழி போடறது உன்னோட ஆரம்பிச்சதும் இல்ல. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பூஹி 1905-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினாரு. காருக்குள்ள வந்து சேர 1962 ஆயிருச்சு. அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு கார். எஞ்சின் தட்டாம இருக்க காய்ச்சி வடிச்ச தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு கலவையைத் தனித் தொட்டியில ஊத்தணும். தீர்ந்துபோனா வண்டியே பூஸ்ட்டைக் கொறைச்சுக்கும். அங்கத்த மகராசனுங்க ஊத்த மறந்துட்டு, வண்டி இழுக்கலைன்னு போய் நின்னாங்க. கடைசியில கம்பெனியே பல வண்டிகள்ல டர்போவைக் கழட்டி எறிஞ்சு சாதா கார்புரேட்டரை மாட்டிக் குடுத்துச்சு. அதனால மனசைத் தேத்திக்க, உனக்கு முன்னாலயே பெரிய பெரிய ஆளெல்லாம் இருந்திருக்காங்க.

இப்ப உன்ற வண்டிக்கு வருவோம். தொப்பூர் கணவாயில லாரியைத் தாண்ட முடியல. மிதிச்சா எங்கியோ புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பின்னால கரும்பொகை, ஸ்கூட்டர்ல வந்த பொம்பள உன்னை வாயார வாழ்த்திட்டுப் போனாங்க. நீ ஓரங்கட்டி, பானட்டைத் தொறந்து, எஞ்சின் ஓடிட்டிருக்கயிலேயே காதைக் குடுத்து அரைமணி நேரம் நின்னயாமா? ஒண்ணும் கேக்கலையாக்கும்? எப்படிக் கேக்கும்! டீசல் எஞ்சின் ஐடில்ல ஓடறப்ப அந்தப் பைப்புல அமுக்கமே கெடையாது, வெளிக்காத்தும் உள்காத்தும் ஒண்ணாத்தான் இருக்கும். வெடிப்பு வாயை மூடிட்டுக் கெடக்கும். வண்டி பாரத்துல இருக்கோணும், ஆக்சிலேட்டர் அமுங்கியிருக்கோணும், அப்பத்தான் ஹோஸ் உப்பி, வெடிப்பு வாயைத் தொறக்கும். நீ நிறுத்தின நிமிசம் அது நல்ல புள்ளையாயிருது. உன்ற மாமனை மாதிரி ஆளுங்களுக்கு வேலை இருக்கறதே இதனாலதான்.

பொகை ஏன் வந்துச்சுன்னு கேக்கற. உங்கக்கா கல்யாணத்துல என்ன நடந்துச்சு? மண்டப வாசல்ல உங்கப்பன் நின்னு ஒறம்பரையை எண்ணி எண்ணி உள்ள அனுப்பிச்சாரு. போனவங்கள்ல பாதிப்பேரு மொய் வெச்ச கையோட பின்வாசல் வழியா போய் பஸ் ஏறிட்டாங்க. சமையக்காரன் உங்கப்பன் சொன்ன கணக்குக்கு ஒலை வெச்சான். மிஞ்சின சோத்தை எங்கூட்டு மாடுதான் தின்னுச்சு. உன்ற கார்ல உங்கப்பன் வேலையைப் பாக்கறது, ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். உள்ள போற காத்தை அது எண்ணுது. பொகையில்லாம எவ்வளவு டீசல் உடலாம்ங்கற வரம்பை அந்த எண்ணிக்கையை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் போடுது. எண்ணினதுக்கு அப்பறம் பைப் வெடிப்புல காத்து வெளிய போயிருச்சுன்னா, வந்து சேராத காத்துக்கும் சேத்து டீசல் எறங்குது. அந்த மிச்ச டீசல்தான் ஸ்கூட்டர்க்காரம்மா மூஞ்சியில கரியாப் போச்சு.

உன்ற சேக்காளி ஒருத்தன் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி வாங்கி, டீசல்காரனெல்லாம் பட்டிக்காட்டான்னு பேசறானே, அவனுக்கும் சொல்லி வெய்யி. பெட்ரோல்ல த்ராட்டில் இருக்கறதால ஐடில்ல மேனிஃபோல்டுக்குள்ள வெறும் உறிஞ்சல்தான். த்ராட்டிலுக்கு அந்தப்பக்கம் ஓட்டை விழுந்திருந்தா, நின்னுட்டிருக்கயில வெளிக்காத்தைத் திருட்டுத்தனமா உள்ள இழுக்கும். ஐடில் ஏறி எறங்கி ஆடும், எரிபொருள் பத்தலைன்னு பி-0171 வரும். மிதிச்சா அதே ஓட்டை காத்தை வெளிய துப்பும். ஒரே ஓட்டை ரெண்டு வேசம் போடும். சில பெட்ரோல் வண்டியில காத்தை எண்ணற சென்சாரே கெடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வெச்சே கணக்குப் போடுவாங்க. அதுல கலவை கெடாது, பொகை வராது, இழுவை மட்டும் சத்தமில்லாமக் கொறையும். அந்த வண்டிக்காரன் நமக்கு வயசாயிருச்சு போலன்னு நெனைச்சுட்டு ஓட்டிட்டே இருப்பான்.

ஒர்க்சாப்புக்காரன் கையில ஸ்கேனர் இருக்குதுன்னு நீயும் ஒண்ணு வாங்கிட்ட. நல்ல காரியம். கையகல ப்ளூடூத் டப்பா, போன்ல முள்ளு ஆடும். ஐடில்ல பாத்தேன், 98 கிலோபாஸ்கல் பூஸ்ட் வருது, அப்பறம் எப்படி லீக்குன்னு என்கிட்டயே கேக்கற பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. அந்த 98 டர்போ குடுத்ததில்ல மாப்ள, பகவான் குடுத்தது. மேனிஃபோல்டு அழுத்த சென்சார் வெறும் வானத்துக் காத்தையும் சேத்துத்தான் காட்டும். கடல்மட்டத்துல அது 101, நம்ம மேட்டுல ரெண்டு மூணு கொறையும். ஊட்டிக்கு ஏறிட்டயானா, 2,240 மீட்டர் ஒசரத்துல, 77 பக்கத்துலதான் நிக்கும். எஞ்சினை ஆஃப் பண்ணி, சாவியை மட்டும் திருப்பிப் பாத்தயானா அதே நம்பர் வரும். அதைக் கழிச்சது போக மிச்சம்தான் டர்போவோட சம்பாத்தியம். 220 காட்டுச்சுன்னா, டர்போ குடுத்தது 122, அதாவது ஏறக்கொறைய 18 பவுண்டு.

ஒழுங்காப் பாக்கற மொறை இப்படி. ஆள் நடமாட்டமில்லாத, நல்ல நேரான ரோட்டுக்குப் போ. கூட ஒருத்தனைக் கூட்டிட்டுப் போ, போனைப் பாக்கறது அவன் வேலை. நீ போனைப் பாத்தயானா அப்பறம் உன்னைத்தான் நாங்க பாக்க வரோணும். எஞ்சின் நல்லா சூடானதும், மூணாவது கியர்ல 1,500 சுத்துல இருந்து ஒரே மிதி, 3,500 வரைக்கும். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் ஒண்ணு, வந்து சேந்த அழுத்தம் ஒண்ணுன்னு ரெண்டு கோடு வரும். கேட்டது 220, வந்தது 160, டர்போவோட அழுத்தத்தைக் கூட்டிக் கொறைக்கற ஆக்சுவேட்டரோ முழு மூச்சா வேலை செய்யறதாக் காட்டுதுன்னா, ஒண்ணு காத்து ஒழுகுது, இல்ல அந்த ஆக்சுவேட்டர் பொய் சொல்லுது.

இங்க ஒரு சூட்சுமம் இருக்குது, ஒர்க்சாப்புல பல பேருக்கே புடிபடறதில்ல. சின்ன ஓட்டைன்னா ரெண்டு கோடும் ஒட்டிக்கிட்டே போவும். கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வெரசாச் சுத்த வெச்சு, ஒழுகற காத்துக்கும் சேத்து அமுக்கச் சொல்லிரும். உனக்கு இழுவையில வித்தியாசமே தெரியாது, ஸ்கேனர்ல அந்த பி-நம்பரும் வராது. ஆனா டர்போ எல்லை தாண்டிச் சுத்தி, சூடேறி, ஒருநாள் நெசமாவே செத்துப்போவும். அப்ப ஒர்க்சாப்புக்காரன் சொன்னது சரிதானுங்களேன்னு உங்கம்மா என்னைப் பாப்பா. ஓட்டையை அடைக்காம புது டர்போ மாட்டினவன், அந்தப் புது டர்போவுக்கும் நாள் குறிச்சுட்டுத்தான் வரான்.

சரி, தேடலாம். கண்ணுல வெளக்கெண்ணெயை ஊத்திட்டு முதல்ல சும்மா பாரு. எஞ்சினுக்குள்ள இருந்து வர்ற ஆயில் ஆவி, பிரீதர் வழியா டர்போ வாய்க்குத்தான் போய்ச் சேருது. அதனால பைப்புக்குள்ள லேசா ஆயில் பூசினாப்புல இருக்கறது சகஜம். அதைப் பாத்துட்டு டர்போ சீல் போச்சுன்னு குதிக்காத. அந்த ஆயிலே நமக்கு உளவாளி. காத்து ஒழுகற எடத்துல ஆயில் துளித்துளியா வெளிய வரும், அதுமேல நம்மூட்டுச் செம்மண் தூசி வந்து ஒட்டும். மத்த எடமெல்லாம் காஞ்ச தூசியா இருக்கயில, ஒரு கிளிப்புக்குக் கீழ மட்டும் ஈரமா, கருஞ்செவப்பா, நகத்துல சொரண்டினா சந்தனம் கணக்கா வழிச்சுட்டு வரும். அந்த எடத்துல ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வெய்யி.

மேல்பக்கம் பளபளன்னு இருக்குதுன்னு நம்பாத. ஹோஸ் வெடிக்கறது அடிப்பக்கந்தான், அதுவும் வளைவுல. வெரலை அடியில உட்டு, மெதுவா அமுக்கித் தடவு. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வெச்சுப் பாரு. எலிப் பல்லு பட்டிருக்குதான்னும் பாரு. உன்ற வண்டியை நெல்லுக் குடோன் பக்கத்துலதான நிறுத்தற? ஏர் ஃபில்டர் டப்பாவைத் தொறந்து பாத்தயா? போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் இழுவை இல்லைன்னு வந்தான். தொறந்தா உள்ள தேங்காநாரு, பஞ்சு, அழகான அஞ்சு குட்டி. காத்து ஒழுகல, காத்துக்கு வழியே இல்ல. குட்டியை எடுத்து வெளிய உட்டோம், வண்டி பறந்துச்சு. அவன் என்னைப் பெரிய மேதைன்னு இன்னைக்கும் சொல்லிட்டிருக்கான், நானும் மறுக்கறதில்ல.

அப்பறம், எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டயானா, கடைசியா எவன் கை பட்ட எடமோ அங்க ஆரம்பி. இது என்ற சொந்தக் கண்டுபுடிப்பு. ஆறு மாசம் முன்னால கிளட்ச் வேலை பாத்தன்னு சொன்னயே, அப்ப எந்தப் பைப்பைக் கழட்டினாங்க? பம்பர்ல எவனோ இடிச்சான்னு பெயின்ட் அடிச்சயே, அப்ப இன்டர்கூலரைக் கழட்டினாங்களா? கம்பெனியில இருந்து வந்த மூட்டு அவ்வளவு சீக்கிரம் உடறதில்ல. மனுசன் கழட்டி மாட்டின மூட்டுதான் உடும். ஓ-ரிங் மடங்கிப் போயிருக்கும், இல்ல கீழ உழுந்து எங்கியோ உருண்டு போயிருக்கும், டீ வந்துருச்சுன்னு அப்படியே அமுக்கிட்டுப் போயிருப்பான்.

கண்ணுக்குச் சிக்கலைன்னா, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, வெளிய இருந்து காத்தை அடிச்சுத்தான் பாக்கோணும். கடையில பொகை மிசின் வெச்சிருப்பாங்க, ஆயில் பொகையை உள்ள உட்டா எங்க வெளிய வருதோ அதான் ஓட்டை. நல்லதுதான். ஆனா அது பெரும்பாலும் ஒரு பவுண்டு ரெண்டு பவுண்டு அமுக்கத்துல உடற பொகை. பன்னெண்டு பவுண்டுல வாயைத் தொறக்கற வெடிப்பு அதுக்கெல்லாம் அசையாது. பொகை வரல, லீக் இல்லைன்னு பில்லைப் போட்டுக் குடுப்பான், நீயும் வாங்கிட்டு வருவ.

வெவசாயி ஊட்டுப் புள்ளைக்கு சாமானுக்கா பஞ்சம்? டர்போ வாய் எத்தனை மில்லின்னு அளந்துக்க. பைப் கடையில 50, 63, 75 மில்லின்னு பிவிசி எண்ட் கேப் கெடைக்கும், ஹோஸுக்குள்ள எது இறுக்கமா ஒக்காருதோ அதை வாங்கு. நடுவுல பதினொண்ணரை மில்லி ஓட்டை போட்டு, பஞ்சர் கடையில டியூப்லெஸ் வால்வு ஒண்ணு வாங்கி இழுத்துச் சொருகு. காத்து அடிக்கற அடைப்பான் தயார். இதை ஏர் ஃபில்டர் பக்கம் மாட்டாத. டர்போவுக்கு நேர் முன்னால இருக்கற ஹோஸ்ல மாட்டு. ஃபில்டர் டப்பாவும், உங்கப்பன் வேலை பாக்கற அந்த சென்சாரும் அமுக்கம் தாங்கறதுக்குப் பொறந்ததில்ல.

பிரீதர் ஹோஸ் அந்த எடத்துல வந்து சேருதா, அதைக் கழட்டி ஓட்டையை அடைச்சுரு. இல்லைன்னா நீ அடிக்கற காத்து பூராவும் எஞ்சின் அடிவயித்துக்குள்ள எறங்கி, நல்லா இருக்கற ஆயில் சீலைத் தள்ளி வெளிய உட்டுரும். ஆயில் ஊத்தற மூடியையும் தொறந்து வெய்யி. அப்பறம் ரெகுலேட்டர். இது இல்லாம பஞ்சர் கடைக் காத்தை நேரா உட்டேன்னு வந்து நின்னயானா, என்னை மாமான்னு கூப்புடாத. அங்க 120 பவுண்டு நிக்கும். உனக்கு வேணுங்கறது 5, அப்பறம் 10, அப்பறம் 15. வண்டி ஓடயில என்ன பூஸ்ட்டோ அதைத் தாண்டாத. எண்ட் கேப்பைக் கிளிப் போட்டு இறுக்கி, கயித்தைப் போட்டும் கட்டு. அதுக்கு நேரா மூஞ்சியைக் காட்டிட்டு நிக்காத, உனக்கு இன்னும் பொண்ணு பாக்கோணும்.

காத்து ஏறயிலேயே சத்தம் கேக்கும். ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதுல வெச்சு, மறு முனையை மூட்டு மூட்டாக் கொண்டு போ. அப்பறம் ஒரு ஸ்பிரே பாட்டல்ல தண்ணியும் ஒரு ரூபா ஷாம்பூவும் கலக்கி, சாக்பீஸ் போட்ட எடத்துல அடி. பெரிய ஓட்டை நுரையைப் பீச்சி எறிஞ்சுரும், ஒண்ணுமே தெரியாது. கையை வெச்சாத்தான் தெரியும். சின்ன ஓட்டைதான் அழகா நுரை கட்டும். மேனிஃபோல்டு கேஸ்கட், அழுத்த சென்சாரோட ஓ-ரிங், இதையெல்லாம் உட்டுறாத. வெரல் நுனியளவு ரப்பர் வளையம் ஒரு டர்போவையே குத்தவாளி ஆக்கிரும்.

ஆயில் மூடி வழியா லேசா சீறுதேன்னு பதறாத. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். சைலன்சர் வழியா சீறுதா? அதுல ரெண்டு சேதி இருக்கலாம். ஏதோ ஒரு சிலிண்டர்ல வால்வு ரெண்டும் ஒட்டுக்கா தொறந்து நிக்குதோ என்னமோ, காத்தை நிறுத்திட்டு எஞ்சினைக் கையில கொஞ்சம் திருப்பி வெச்சு மறுபடி அடி. நின்னுருச்சா, கோளாறில்ல. திருப்பித் திருப்பிப் பாத்தும் சீறிட்டே இருக்குதா, பொகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ள உடற இஜிஆர் வால்வு கரி அடைச்சு மூடாம நிக்குதான்னு பாரு. அமுக்கின காத்து எஞ்சினுக்குள்ள போகாம, குறுக்கு வழியில சைலன்சருக்குப் போயிட்டிருக்கும். இதுக்கு டர்போவை மாத்தினவங்க பேரைச் சொன்னா நம்ம சொந்தத்துலயே நாலு பேர் வருத்தப்படுவாங்க.

இன்டர்கூலர் மேல சந்தேகம்னா பம்பரைக் கழட்டித்தான் ஆவோணும். அலுமினியப் பட்டைக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டியை மடக்கி அமுக்கி வெச்சிருப்பாங்க, நடுவுல ரப்பர். அந்த மடிப்புல ஒழுகும், கல்லடி பட்ட எடத்துல ஒழுகும், பிராக்கெட்டுல ஒரசி ஒரசித் தேஞ்ச எடத்துல ஒழுகும். போன மாசம் ஒருத்தனோடதைக் கழட்டி, உள்ள கெடந்த ஆயிலை வடிச்சு, ஒருபக்கம் அடைச்சு மறுபக்கம் காத்தைக் குடுத்து, நம்ம மாட்டுத் தண்ணித் தொட்டியில முக்கினேன். அஞ்சு பவுண்டுல ஒண்ணுமில்ல. பத்துல ஒண்ணுமில்ல. பதிமூணு தாண்டினதும் வலதுபக்கம் மேல்மூலை மடிப்புல இருந்து கடுகளவுக்கு ஒரு கொப்புளம், அது பின்னால இன்னொண்ணு, அப்பறம் சரம்சரமாக் கெளம்பி வந்துச்சு. நான் சந்தோசத்துல அத்தையைக் கூப்புட்டுக் காட்டினேன். அவ பாத்தது கொப்புளத்தை இல்ல, தண்ணி மேல மெதந்த ஆயில் படலத்தை. அதுக்கப்பறம் நடந்ததை உனக்குச் சொல்ல முடியாது. தொட்டியைத் தேச்சுக் கழுவி முடிக்கயில இருட்டிப் போச்சு. நீ கொண்டு வர்றதா இருந்தா, முதல்ல ஒரு பழைய டிரம்மையும் கொண்டு வா.

எங்கயுமே ஒழுகலையா? அப்ப ஆக்சுவேட்டர் பக்கம் போ. உன்ற வண்டியில அது வேக்குவத்துல ஓடறது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா அந்தக் கம்பி இழுபடணும், ஆஃப் பண்ணினா திரும்பி வரோணும். அசையலையா, அதுக்குப் போற பென்சில் தடிமன் வேக்குவம் டியூப்பைப் பாரு, முனையில வெடிச்சிருக்கும். முனையை வெட்டிட்டு மறுபடி மாட்டு, அம்பது பைசா செலவில்ல. டியூப் நல்லா இருந்து கம்பி பாதியில நின்னா, டர்போக்குள்ள இருக்கற எறகெல்லாம் கரி புடிச்சு மாட்டிட்டு இருக்குது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டைச் சுத்தி கரிக்கோடு இருக்குதான்னும் பாரு, டர்போவைச் சுத்த வேண்டிய பொகை அங்கயே தப்பிச்சுப் போயிருக்கும். எல்லாம் பாத்து, கடைசியில டர்போ வாயைத் தொறந்து தண்டை ஆட்டு. பக்கவாட்டுல லேசா அசைஞ்சாப் பரவால்ல, ஆயில் படலத்துல மெதக்கற தண்டு அப்படித்தான். முன்னும் பின்னும் வந்தா, இல்ல காத்தாடியோட எறகு சுவத்துல ஒரசியிருந்தா, அப்ப நீயும் அந்த ஒர்க்சாப்புக்காரனும் ஜெயிச்சீங்க. நானே வந்து மாத்தித் தரேன்.

ஓட்டையைக் கண்டுபுடிச்சதும் எம்-சீலைத் தேடி ஓடாத. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்தாத. உங்க தாத்தன் மோட்டார் பைப்புக்கு அப்படித்தான் பண்ணினாரு, எனக்கும் தெரியும், அது நின்னுட்டிருந்த மோட்டாரு. சூடும் ஆயிலும் அமுக்கமும் சேந்து வர்ற எடத்துல ஒட்டு நிக்காது. பேத்துக்கிட்டு வந்த துண்டு உள்ள போச்சுன்னா எஞ்சின் திங்கும். ஹோஸைப் புதுசா மாத்து. பைப் முனையில ஆயிலைச் சுத்தமாத் தொடைச்சுரு, வழுக்கிட்டு உள்ள போவட்டும்னு கிரீஸ் தடவாத, அதே வழுக்கல்ல வெளியவும் வரும். பைப் விளிம்புல ஒரு மேடு இருக்கும் பாரு, கிளிப் அந்த மேட்டுக்கு உள்பக்கமா ஒக்காரோணும், மேட்டு மேல இல்ல. இறுக்கறதுலயும் ஒரு அளவு வேணும். ரப்பர் பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் முறுக்கறவன் பலசாலி இல்ல, அடுத்த வெடிப்புக்கு வெதை போடறவன். ஒருநாள் ஓட்டி, சூடேறி ஆறினதுக்கப்பறம் கால் சுத்து மறுபடி பாத்து வெய்யி.

மறுபடி காத்தடிச்சுப் பாத்துட்டு, எண்ட் கேப்பைக் கழட்டு. பிரீதரை அடைச்ச துணியையும் எடு. இதைத் தனியாச் சொல்றேன்னா காரணம் இல்லாம சொல்லுவனா? நீ ஆளு அப்படி. ஸ்கேனர்ல அந்த பி-நம்பரை அழிச்சுட்டு, அதே ரோட்டுல, அதே மூணாவது கியர்ல ஒரு தடவை ஓட்டி, ரெண்டு கோடும் ஒண்ணாப் போவுதான்னு பாரு. ஆக்சுவேட்டர் முன்னை மாதிரி முக்கிட்டு இல்லாம, பாதி மூச்சுல வேலை செய்யுதான்னும் பாரு, அதுதான் முக்கியம்.

பம்பரை மாட்டி முடிக்கயில உன்ற கையில ரெண்டு கிளிப் மிஞ்சும். எல்லாருக்கும் மிஞ்சும். எந்த ஓட்டையில இருந்து வந்துச்சுன்னு ரோசனை பண்ணிட்டு மறுபடி கழட்டாத. சத்தங்காட்டாம டேஷ்போர்டு டப்பாவுல போட்டு மூடு, அங்க ஏற்கனவே நாலு கெடக்குது.